தட்டில் ஓர் அம்புமுனை

எனக்கு அவள் ஓர் எண்.
நான்கு ஒன்று பூஜ்யம் ஏழு.
மூடி இறுகிய குழாய்க்குள் பஞ்சுநுனிக் குச்சி,
'வாரம் 36' என்று
கோழி கிளறியதுபோல் தாதி கோராவின் கையெழுத்து.

சாலை கிடையாது எங்கள் பெத்தலுக்கு.
ஆறு உறைந்தால் அதுவே சாலை,
உருகினால் படகு.
இரண்டுமற்ற இந்த மே மாதத்தில்
பாளம் பாளமாய்ப் பனி உடையும் சத்தம் மட்டும்.
அதனால் அலாஸ்காவின் இந்த மூலையில்
கர்ப்பிணிகள் ஒரு மாதம் முன்பே பறந்து வந்துவிடுகிறார்கள்,
மடியில் உலர்ந்த சால்மன்,
விடுதிக் கட்டிலில் ஒருக்களித்தபடி
ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு தொலைபேசியில் சண்டை.

செம்மறி ரத்தம் கலந்த தட்டில் கோடிழுத்தேன்.
முப்பத்தைந்து டிகிரி.
கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்
நூடுல்ஸ் தின்று தூங்கினேன்.
நான் தூங்க, அவை பெருகின.

காலையில் சாம்பல் பொட்டுகள்.
ஒவ்வொன்றையும் சுற்றி
ரத்தம் கரைந்து கண்ணாடியான மெல்லிய வளையம்.
போதாது. வளையம் யாரும் போடுவார்கள்.
இன்னொரு தட்டில்
தெரிந்த கிருமி ஒரு கோடு,
சந்தேகக் கிருமி அதற்குக் குறுக்கே,
தொடாமல், மயிரிழை விட்டு.
மறுநாள் பார்த்தால்
இரண்டும் நெருங்குமிடத்தில்
சுத்தமாக ஓர் அம்புமுனை.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.
இவ்வளவு சிறியதற்கு இவ்வளவு நீளப் பெயர்.

தொலைபேசியில்தான் அவள் பெயர் எனக்கு வந்தது.
"ஒலிங்கா வசிலியா? ஐயோ,
இப்போதுதான் பனிக்குடம் உடைந்து உள்ளே வந்தாள்" என்றாள் கோரா.
பின்னால் ஒரு குரல்:
நான் ஏதும் அசுத்தமாக இருந்தேனா?
இல்லை பெண்ணே, இல்லை.
நாலைந்து பேரில் ஒருத்திக்கு இருக்கும்,
வரும், போகும், வாடகை தராது,
உன்னை ஒன்றும் செய்யாது.
பிள்ளை வரும் வழியில் நிற்கிறது, அவ்வளவுதான்.
பென்சிலின் ஒவ்வாமை உண்டா?
கையை நீட்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
போன பனிக்காலத்திலும் ஓர் அம்புமுனை பார்த்தேன்.
அது தாயின் குச்சியிலிருந்து வந்ததல்ல.
பிறந்து பதினெட்டு மணி நேரமான ஒருவனின்
ரத்தத்திலிருந்து.
அவன் தாய் முப்பத்து நான்காம் வாரத்தில்
பனிவண்டியில், இருட்டில், வலியோடு வந்தவள்.
குச்சி எடுக்கும் வாரம் அவளுக்கு வரவேயில்லை.
வந்ததும் மருந்து ஏற்றினார்கள்.
அது நரம்பேறுவதற்குள் அவன் வந்துவிட்டான்.
அந்தத் தட்டைச் சிவப்புப் பையில் போடாமல்
இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன்.
விதிமீறல்.
யாரும் கேட்கவில்லை.

ஒலிங்காவின் பெண்
மருந்து ஏறத் தொடங்கி
மூன்று மணி இருபது நிமிடத்தில் பிறந்தாள்.
நான்கு மணி வேண்டும் என்கிறது கையேடு.
நாற்பது நிமிடம் கடன்.
இரண்டு நாள்
தாதிகள் அதைத் தவணையில் அடைத்தார்கள்:
மூச்சை எண்ணி,
சூட்டைப் பார்த்து,
பாலுக்கு அழுகிறாளா என்று
அழுகைக்காகவே காத்திருந்து.

நான் கீழே.
கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன்.
சிறுநீர் வந்தது, சளி வந்தது,
மீன்முள் குத்திய கிழவரின் சீழ் வந்தது.
அவள் பெயரில் ஒரு ரத்தக் குழாய்
வரவில்லை.
இந்த ஆய்வகத்தில்
வராத குழாயைவிட அழகான பொருள் எதுவும் கிடையாது.

வியாழக்கிழமை கடையில்
டயப்பர் அடுக்கின் முன் ஒருத்தி,
ஃபர் வைத்த தொப்பிக்குள்ளிருந்து
ஒரு குட்டித் தும்மல்.
ஒலிங்காவாக இருக்கலாம்.
வேறொருத்தியாகவும் இருக்கலாம்.
முகம் எனக்குத் தெரியாது.
நான் ரொட்டி வாங்கிக்கொண்டு
கையை இன்னொரு முறை கழுவப் போனேன்.
மேசையில்
நான்கு ஒன்று ஒன்று இரண்டு.